வெள்ளகோவில் வாசகருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள நண்பருக்கு,

நம் பாசனத்துக்குக் கூடுதல் தண்ணீர் தரும் என்கிற ஆனைமலையாறு–நல்லாறு திட்டம் வந்துவிட்டால் கடைமடைக்குத் தட்டுப்பாடு தீருமா என்று கேட்டிருந்தீர்கள். தீராது என்றே நினைக்கிறேன். கோபப்படாமல் மேலே படியுங்கள்.

பரம்பிக்குளம்–ஆழியாறு திட்ட (பி.ஏ.பி.) ஆயக்கட்டு இன்று 3.77 லட்சம் ஏக்கர். அத்தனைக்கும் ஒரே நேரத்தில் பாய்ச்சத் தண்ணீர் கிடையாது. அதனால்தான் நான்கு மண்டலம் பிரித்து முறை வைத்திருக்கிறார்கள். ஒருமுறை மடை திறந்த மண்டலத்துக்கு மறுமுறை வர ஏறக்குறைய இரண்டு வருஷம். ஆயக்கட்டில் நிலத்தைச் சேர்ப்பதற்கு ஓர் அரசாணை போதும். பரம்பிக்குளத்துக்கு மழையைச் சேர்க்க எந்த ஆணையாலும் ஆகாது. கேரளத்துடனான ஒப்பந்தப்படி சித்தூர்ப்புழைக்கு 7.25 டி.எம்.சி. விட்டாக வேண்டும், அதிலும் கை வைக்க முடியாது.

இந்த முறைப்பாசனம் சோளத்துக்கும் பருத்திக்கும் கடலைக்காய்க்கும் சரி. தென்னை இரண்டு வருஷம் காத்திருக்குமா? ஆனாலும் தென்னை வைத்தவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கடலைக்காய் பிடுங்க ஆள் தேடி அலுத்துப்போனவர்தானே அவர்!

தோப்பு வைத்தாயிற்று, இனி அதைக் காய விட முடியாது. வாய்க்கால் கரையை ஒட்டி இரண்டு சென்ட் வாங்கிக் கிணறு வெட்டுகிறார்கள். அதில் ஊறுவது பெரும்பாலும் வாய்க்கால் கசிவுதான். மோட்டார் போட்டு, ரோட்டுக்கு அடியில் பைப் பதித்து, ஆயக்கட்டிலேயே இல்லாத தோப்புக்குத் தண்ணீர் மைல் கணக்கில் போகிறது. ராத்திரியில் வாய்க்காலுக்குள் ஹோஸ் போட்டு உறிஞ்சுபவனைக் கையும் களவுமாகப் பிடிக்கலாம். கிணற்றுக்காரரோ பட்டாவை எடுத்து நீட்டுவார். தன் நிலத்துக்கு அடியில் ஊறும் நீர் நிலக்காரருக்கே என்பது 1882ஆம் வருஷத்து வசதியுரிமைச் சட்டக் காலத்திலிருந்து நாம் பழகிவந்த நியாயம். மடை நீர்வளத்துறையிடம், மின் இணைப்பு மின்வாரியத்திடம், பட்டா தாசில்தாரிடம். ஒரே கிணற்றுக்காக மூன்று ஆபீஸ் படி ஏறிய கடைமடைக்காரர்கள் உங்கள் பக்கத்திலேயே இருப்பார்கள்.

2000ஆம் ஆண்டுச் சட்டப்படி பாசன சபைகளுக்குத் தேர்தல் நடக்கிறது, தலைவர்கள் வருகிறார்கள். ஆனால் தலைமடைக்காரரின் மோட்டாரை நிறுத்தச் சொல்ல அவர்களால் முடிவதில்லை. இந்த நிலையில் நல்லாற்றுத் தண்ணீர் வந்தால் என்ன நடக்கும்? மேலே இன்னும் நாலு தோப்பு எழும்பும். திட்டம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை; வரட்டும். கேட்கிற வரிசையைத்தான் மாற்றச் சொல்கிறேன்.

உங்கள் மண்டலத்துக்கு அடுத்தமுறை திறக்கும்போது சபைக் கூட்டத்தில் ஒன்றை மட்டும் விடாமல் கேளுங்கள்: கிளை வாய்க்கால் தலைப்பில் எத்தனை கன அடி விட்டார்கள், கடைசி மடையில் எத்தனை கன அடி வந்தது. இரண்டையும் தினமும் போர்டில் எழுதிப் போடச் சொல்லுங்கள். இடையில் குறைகிற அளவுக்குக் கசிவு, ஆவியாதல் என்று கணக்குச் சொல்வார்கள். அந்தக் கணக்கையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்