டிராஃப்ட் பீர் ஃபிரிட்ஜுக்கு எக்ஸெல் கணக்கு

அமெரிக்காவில் பலர் ஃபிரிட்ஜுக்குள் பீர் பீப்பாயை வைத்து, வெளியே குழாய் பொருத்திக் கொள்கிறார்கள். இதற்குக் கெஜரேட்டர் என்று பெயர். 58 லிட்டர் பீப்பாய் சுமார் 60 செ.மீ. உயரம், 41 செ.மீ. அகலம் இருக்கும். எனவே முதலில் ஃபிரிட்ஜின் உள்ளளவைப் பாருங்கள். அங்குள்ள பெரும்பாலான பீப்பாய்களுக்கு 'டி' வகை கப்ளர் பொருந்தும். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரும் ரெகுலேட்டரும் தேவை.

எல்லாம் வாங்கியும் வெறும் நுரையே வருகிறதா? டியூப் நீளம் குறைவாக இருக்கலாம். எக்ஸெல்லைத் திறந்து, ஏ1 செல்லில் வாயு அழுத்தம் 12 (பி.எஸ்.ஐ.), ஏ2-ல் பீப்பாயின் நடுவிலிருந்து குழாய் வரை உயரம் 2 (அடி) என டைப் செய்யுங்கள். ஏ3-ல் =(ஏ1-ஏ2*0.5)/3 என்று கொடுத்து என்டர் தட்டுங்கள். செல் பெயர்களை ஆங்கிலத்தில் டைப் செய்யவும். விடை 3.67 அடி. இது 3/16 அங்குல வினைல் டியூபுக்கான குறைந்தபட்சக் கணக்கு. நடைமுறையில் இது போதாமல் போகலாம். எனவே 8 அடி வாங்கி, பீர் மெதுவாக வந்தால் சிறிது சிறிதாக வெட்டுங்கள். வெட்டியதை ஒட்ட முடியாது!

முக்கிய எச்சரிக்கை: மூடிய அறையில் இந்த வாயு கசிந்தால் உயிருக்கே ஆபத்து. இணைப்புகளில் சோப்பு நீர் தடவிப் பாருங்கள். குமிழி வந்தால் உடனே சிலிண்டரை மூடிவிடுங்கள்.