கணக்குக்குப் பயந்து உயிரியலா?

பத்தாம் வகுப்பு முடிந்ததும் எந்தப் பாடப்பிரிவை எடுப்பது என்ற பேச்சு எங்கள் வகுப்பில் ஓயாமல் நடந்துகொண்டிருக்கிறது. டாக்டர், நர்ஸ், ஆசிரியை என்று ஆசைகள் பலவாறு இருந்தாலும் பலரும் சொல்லும் காரணம் ஒன்றேதான்: "எனக்குக் கணக்கு வராது, அதனால் உயிரியல்." வீட்டிலும் அதையே சொல்கிறார்கள். பெண்பிள்ளைக்குக் கணக்கு எதற்கு என்று கேட்பவர்களும் வீராம்பட்டினத்தில் இன்னும் இருக்கிறார்கள். கணிதம் வேம்பு, உயிரியல் கரும்பு என்ற இந்த எண்ணம் சரிதானா என்று பார்க்கவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

கல்லூரியில் விலங்கியலும் தாவரவியலும் படிக்கும் அக்காமார்களை முதலில் கேட்டோம். அவர்களுடைய பாடங்களில் உயிர்ப்புள்ளியியல் என்று ஒன்று உண்டாம். சராசரி, திட்ட விலக்கம், நிகழ்தகவு ஆகிய எல்லாம் அங்கே வருகின்றனவாம். வாசலில் வழியனுப்பி வைத்த கணக்கு கொல்லைப்புறமாக வந்து முதல் பெஞ்சில் உட்கார்ந்துகொள்கிறது! உயிரினங்களைப் பற்றிய படிப்பில் எண்களுக்கு என்ன வேலை?

நம் உடலில் ஓடும் இரத்தத்தையே எடுத்துக்கொள்வோம். நாம் உண்ணும் உணவிலிருந்து கல்லீரல் புதிது புதிதாக இரத்தத்தை உண்டாக்குகிறது, உடல் அதைச் செலவழித்துவிடுகிறது என்று கேலன் என்ற கிரேக்க மருத்துவர் கி.பி. 2ஆம் நூற்றாண்டில் கூறினார். ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு மேலாக மருத்துவர்கள் அதையே நம்பினார்கள். இங்கிலாந்து நாட்டு வில்லியம் ஹார்வி ஒரு பெருக்கல் கணக்குப் போட்டார். இன்று நமக்குத் தெரிந்த அளவுகளைக் கொண்டு அதை நாமே போடலாம். இதயம் ஒரு துடிப்பில் ஏறத்தாழ 70 மில்லிலிட்டர் இரத்தத்தை வெளியேற்றுகிறது. நிமிடத்துக்கு 72 துடிப்பு என்றால் 5,040 மில்லிலிட்டர், அதாவது 5 லிட்டர். ஒரு மணி நேரத்தில் 300 லிட்டர்! இவ்வளவு இரத்தத்தை உண்டாக்க எத்தனை அண்டாச் சோறு தின்ன வேண்டும்? ஹார்வி எடுத்துக்கொண்ட அளவு இதைவிட மிகக் குறைவு. அப்படியும் கேலனின் கணக்கு உதைத்தது. ஆகவே அதே இரத்தம்தான் திரும்பத் திரும்பச் சுற்றி வருகிறது என்று 1628ஆம் ஆண்டில் அவர் நூல் எழுதி வெளியிட்டார். தமனியையும் சிரையையும் இணைக்கும் நுண்குழாய்களை அவர் கண்ணால் கண்டதே இல்லை. 1661ஆம் ஆண்டில்தான் மால்பீகி தவளையின் நுரையீரலில் அவற்றை நுண்நோக்கி மூலம் கண்டார். கண்ணுக்கு 33 ஆண்டுகள் முன்னதாகவே கணக்கு அந்த இடத்துக்குப் போய்விட்டது.

மெண்டலைப் பற்றி எல்லோரும் படித்திருக்கிறோம். அவர் புனித அகுஸ்தினார் சபைத் துறவி என்பதைச் சகோதரிகள் பெருமையுடன் கூறுவார்கள். ஆனால் அவர் வியன்னா பல்கலைக்கழகத்தில் இயற்பியலும் கணிதமும் பயின்றவர் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மடத்துத் தோட்டத்துப் பட்டாணியில் உருண்டை விதை 5,474, சுருங்கிய விதை 1,850 என்று ஒவ்வொன்றாக எண்ணி எழுதினார். வகுத்துப் பார்த்தால் 2.96. மஞ்சள் விதை 6,022, பச்சை விதை 2,001 என்ற மற்றொரு எண்ணிக்கையை வகுத்தால் 3.01. இந்த மூன்றுக்கு ஒன்று என்ற விகிதமே மரபியலுக்கு அடிக்கல்லாயிற்று. பட்டாணிச் செடியை அவருக்கு முன்பும் எத்தனையோ பேர் வளர்த்திருப்பார்கள்.

இனி நம் ஊர்க் கரைக்கு வருவோம். கடலில் எவ்வளவு மீன் பிடிபடுகிறது என்பதை அரசாங்கம் எப்படி அறிகிறது? ஒவ்வொரு படகையும் நிறுத்தி வைத்து எடை போட முடியுமா? 1947ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டு இப்போது கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்டுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் இதற்கு மாதிரிக் கணக்கெடுப்பு முறையைக் கையாள்கிறது. சீட்டுக் குலுக்கிப் போட்டது போலச் சில கரைகளையும் சில நாட்களையும் தேர்ந்தெடுத்து அங்கே ஆளை அனுப்புகிறார்கள்.

ஒரு நாள் கரைக்கு 40 பைபர் படகுகள் வந்தன என்று வைத்துக்கொள்வோம். அவற்றில் 8 படகுகளின் மீனை மட்டும் கணக்கிட்டதில் மொத்தம் 360 கிலோ. சராசரி 45 கிலோ. ஆகவே 40 படகுக்கும் 1,800 கிலோ என்று மதிப்பிடலாம். இதில் பெருக்கல் வகுத்தல் எளிது. எந்த 8 படகு என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஏலம் போடும் இடத்தில் கூட்டம் மொய்க்கும் படகுகளை மட்டும் பார்த்தால் கணக்கு உப்பிவிடும். வெறுங்கையோடு வந்து ஓரமாக வலை உதறும் படகையும் சேர்த்தால்தான் அது உண்மையான சராசரி. இது கல்லூரியில் படிக்கும் பாடம் என்றாலும், கூடையின் மேல்மீனை மட்டும் பார்த்து விலை பேசக் கூடாது என்பது மீன் விற்கும் நம் அத்தைமார்களுக்குத் தெரியாததா?

அடுத்து, நீளமும் எடையும். உருவம் மாறாமல் ஒரு மீனின் நீளம் இரண்டு மடங்கானால் அதன் எடை இரண்டு மடங்காகாது. நீளம், அகலம், பருமன் மூன்றும் கூடுவதால் எட்டு மடங்காகும். அதாவது 20 செ.மீ. மீன் ஒன்றின் எடைக்கு, 10 செ.மீ. குஞ்சுகள் எட்டைப் பிடித்தாக வேண்டும். சின்னக் கண் வலை ஏன் கூடாது என்று பெரியவர்கள் சண்டையிடும்போது இந்த எட்டை யாராவது எடுத்துச் சொன்னால் நன்றாயிருக்கும் என்பது எங்கள் கருத்து.

இதைச் சோதிக்க நாங்கள் நால்வர் கரையில் இரண்டு கானாங்கெளுத்தி வாங்கினோம். சிறியது 16 செ.மீ., 45 கிராம். பெரியது 24 செ.மீ., அதாவது ஒன்றரை மடங்கு நீளம். ஒன்றரையை மூன்று முறை பெருக்கினால் 3.375. ஆகவே 152 கிராம் இருக்க வேண்டும். தராசு 160 காட்டியது. எட்டு கிராம் அதிகம்! தராசில் கோளாறு என்றாள் ஒருத்தி. சகோதரி வயிற்றைக் கீறிப் பார்க்கச் சொன்னார்கள். உள்ளே சினை இருந்தது. அதிகப்படி எடை சினையினாலா, தீனியினாலா என்பதை ஒரே மீனைக் கொண்டு முடிவு கட்டலாகாது என்றும் அவர்கள் சொன்னார்கள். ஆனால் மீன்வள அறிஞர்கள் செய்வதும் இதுவே. கணக்குப்படி இருக்க வேண்டிய எடையையும் உண்மையான எடையையும் மாதந்தோறும் ஒப்பிட்டு, மீன் எப்போது கொழுக்கிறது, எப்போது மெலிகிறது என்று அறிகிறார்கள். சினையின் முதிர்ச்சியையும் சேர்த்துப் பார்த்து இனப்பெருக்கக் காலத்தைக் கண்டுகொள்கிறார்கள்.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்நாட்களில் விசைப்படகுக் குடும்பங்களில் அடுப்பு எரிவதே கஷ்டம் என்பதை நாங்கள் எழுதித் தெரிய வேண்டியதில்லை. எல்லா மீனும் அதே மாதங்களில்தான் சினை வைக்கிறதா என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. மீன் மீனாக, மாதம் மாதமாக எண்ணி வைத்த ஏட்டைப் புரட்டித்தான் அதற்குப் பதில் சொல்ல வேண்டும். அந்த ஏட்டை எழுதுகிறவர் கடலோரத்துப் பெண்ணாக இருந்தால் என்ன?

கொசுவைப் பற்றியும் ஒரு வார்த்தை. மலேரியாக் கிருமியைக் கொசுவின் உடலில் 1897இல் கண்டுபிடித்த ரொனால்டு ராஸ், பின்னர் கணிதத்தில் இறங்கினார். ஊரில் கடைசிக் கொசு வரை கொல்லத் தேவையில்லை, ஓர் அளவுக்குக் கீழே குறைத்தாலே நோய் தானாக ஒழியும் என்று நிறுவினார். 1975இல் புதுச்சேரியில் நிறுவப்பட்ட நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையமும் கொசுக்களைப் பிடித்து எண்ணித்தான் தன் வேலையைச் செய்கிறது.

பெற்றோர் எங்களிடம் கேட்பது, இதற்கெல்லாம் எங்கே படிப்பது என்பதுதான். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி 1977இல் தொடங்கியது. நாகப்பட்டினத்தில் 2012 முதல் மீன்வளப் பல்கலைக்கழகமே இருக்கிறது. மீன்வளப் பட்டப்படிப்பில் புள்ளியியலும் ஒரு பாடம். கணக்கும் உயிரியலும் சேர்ந்த பிரிவு கிடைக்காமல் உயிரியல் மட்டும் எடுக்கும் தோழியர், நம் பத்தாம் வகுப்புக் கணிதப் புத்தகத்தைப் பழைய பேப்பர்காரரிடம் போடாமல் வைத்திருப்பது நல்லது. புள்ளியியலும் நிகழ்தகவும் அதன் கடைசிப் பக்கங்களில் இருக்கின்றன.

தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கரை சேரும் முதல் வாரத்தில் இன்னும் 30 கானாங்கெளுத்தி அளப்பதாகத் தீர்மானித்திருக்கிறோம். ஆண் மீன் தனி, பெண் மீன் தனி. சகோதரி வேதியியல் ஆய்வகத் தராசைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.