பக்கத்து வீட்டில் அம்மை

கேள்வி: நான் நான்கு மாதக் கர்ப்பிணி. தினமும் என்னிடம் விளையாட வரும் பக்கத்து வீட்டுக் குழந்தைக்குச் சின்னம்மை போட்டிருக்கிறது. எனக்கு அம்மை வந்ததாக நினைவில்லை. வயிற்றுக் குழந்தையைப் பாதிக்குமா?
– வாசகி, தேனி

பதில்: முதலில் உங்கள் அம்மாவிடம் கேளுங்கள், சகோதரி. சிறுவயதில் வந்திருந்தால் பெரும்பாலும் பயமில்லை. சந்தேகமென்றால் இன்றே மருத்துவரைப் பாருங்கள். எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனை சொல்லிவிடும். இல்லையென்றால், அந்தக் குழந்தையோடு பழகியதிலிருந்து 10 நாட்களுக்குள் இம்யூனோகுளோபுலின் ஊசி போடலாம். கொப்புளம் தெரிவதற்கு 2 நாள் முன்பே தொற்று பரவும். அந்த நாட்களையும் சேர்த்தே கணக்கிடுங்கள்.

20 வாரத்துக்குள் அம்மை வந்தாலும் கருவுக்கு ஊனம் ஏற்படும் வாய்ப்பு நூற்றில் இரண்டைத் தாண்டாது. என் கவலையெல்லாம் உங்களைப் பற்றித்தான். கர்ப்பிணிகளுக்கு இது நுரையீரலைத் தாக்கி நிமோனியாவாகலாம். அடுத்த நான்கு வாரத்துக்குள் ஒரு கொப்புளம் தெரிந்தாலும், மருத்துவமனைக்கு போனில் சொல்லிவிட்டு உடனே கிளம்புங்கள். அசைக்ளோவிர் மாத்திரையை முதல் 24 மணி நேரத்தில் தொடங்கினால்தான் நல்ல பலன். வேப்பிலை கட்டுங்கள், மாரியம்மனை வேண்டிக்கொள்ளுங்கள், தடையில்லை. ஆனால் ‘அம்மை போட்டவள் ஆஸ்பத்திரிக்குப் போகக் கூடாது’ என்று யார் சொன்னாலும் தயவுசெய்து கேட்காதீர்கள். தடுப்பூசி இப்போது கூடாது. பிரசவத்துக்குப் பிறகு போட்டுக்கொள்ளலாம்.