முகப்பருவும் நம்ம சாப்பாடும்

என் முகத்தைப் பார்த்து "உடம்புச் சூடுடா" என்று சொல்லாதவர் ஹாஸ்டலில் இல்லை. தினம் ஐந்து முறை சோப்புப் போட்டேன், எரிச்சல்தான் மிச்சம்.

விஷயம் உள்ளே இருக்கிறது. இனிப்பும் மைதாவும் ரத்தத்தில் சர்க்கரையைச் சட்டென ஏற்றும். அதைச் சமாளிக்க இன்சுலின் கூடும். கூடிய இன்சுலின் ஆண்ட்ரோஜன் ஹார்மோனைத் தூண்ட, தோலின் எண்ணெய்ச் சுரப்பிகள் அதிகம் சுரக்கும். துவாரம் அடைபட்டு, கிருமி பெருகிப் பரு வீங்கும்.

மெல்போர்னில் 43 இளைஞர்களிடம் நடந்த ஆய்வு 2007-ல் வெளியானது. சர்க்கரையை மெதுவாக ஏற்றும் உணவை 12 வாரம் உண்டவர்களுக்கு, மற்றவர்களைவிடப் பருக்கள் அதிகம் குறைந்தன.

பரம்பரையும் ஒரு காரணமே. ஆகவே கேலி பேசாதீங்க, பருவைக் கிள்ளாதீங்க, ஸ்டீராய்டு களிம்பு பூசாதீங்க. தழும்பு விழுமுன் டாக்டரைப் பாருங்க. கேண்டீன் டீயில் நான் சர்க்கரையைக் குறைத்துவிட்டேன். நீங்க?