விடுமுறை கிளப்பிலிருந்து வெளியேற…

மால் வாசலில் ஒரு கூப்பன் எழுதிப் போட்டிருப்பீர்கள். இரண்டு நாளில் போன் வரும்: "சார், உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கு, மேடத்தையும் கூட்டிட்டு வாங்க." ஜோடியாக வரச்சொல்வது மரியாதைக்காக அல்ல. 'வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்' என்று நீங்கள் நழுவிவிடக் கூடாது, அவ்வளவுதான். 'இந்த விலை இன்றைக்கு மட்டும்' என்று பேசிப் பேசியே கார்டைத் தேய்க்க வைத்துவிடுவார்கள்.

விற்பது விடுமுறை கிளப் உறுப்பினர் பதவி, அதாவது டைம்ஷேர். 'சொத்து மாதிரி' என்று சொல்லித்தான் விற்பார்கள். ஆனால் இங்கே விற்பனையாகும் டைம்ஷேர்களில் பெரும்பாலானவற்றில் உங்கள் பெயரில் பத்திரம் எதுவும் பதிவாவதில்லை. ஆண்டுக்குச் சில நாள் தங்கிக்கொள்ளும் உரிமை மட்டுமே உங்களுடையது. அதுவும் அறை காலியாக இருந்தால்தான். பராமரிப்புக் கட்டணமோ, நீங்கள் போனாலும் போகாவிட்டாலும் ஆண்டுதோறும் வரும், ஏறிக்கொண்டும் போகும்.

வெளியேற நினைப்பவர் முதலில் பார்க்க வேண்டியது ஒப்பந்தத்தில் உள்ள தேதியை. ஐரோப்பிய ஒன்றியத்தில் டைம்ஷேர் வாங்கியவர் 14 நாளுக்குள் காரணமே சொல்லாமல் விலகலாம். அது அங்கே சட்டம். இந்தியாவில் டைம்ஷேருக்கென்று தனிச் சட்டம் இல்லாததால், ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான். பல ஒப்பந்தங்களில் 10 நாள் அவகாசம் இருக்கும். அந்த அவகாசம் இன்னும் முடியவில்லை என்றால் இன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள். அதே கடிதத்தை ஸ்பீடு போஸ்டிலும் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். போனில் மட்டும் பேசிக்கொண்டிருக்காதீர்கள். 'மேனேஜர் கூப்பிடுவார்' என்பார்கள், அவர் கூப்பிடுவதற்குள் 10 நாளும் ஓடிவிடும். சமாதானப்படுத்த இலவசமாக இரண்டு இரவு தருவதாகச் சொன்னால் வாங்காதீர்கள். சேவையைப் பயன்படுத்திவிட்டீர்கள் என்று வாதாட அதுவே அவர்களுக்குப் போதும்.

அவகாசம் தாண்டிவிட்டதா? அப்படியானால் நுகர்வோர் ஆணையம்தான் வழி. இங்கே பலரும் செய்யும் தவறு, விற்பனையாளர் வாயால் சொன்னதை மட்டும் நம்பிப் புகார் எழுதுவது. 'வாய்மொழி வாக்குறுதி செல்லாது' என்று ஒப்பந்தத்திலேயே ஒரு வரி இருக்கும். எனவே எழுத்தில் இருப்பதைத் திரட்டுங்கள்: வாட்ஸ்அப் செய்தி, விளம்பரத் தாள், அவர்கள் கைப்பட எண்களை எழுதிக் காட்டிய துண்டுச் சீட்டு. பள்ளி விடுமுறையில் இரண்டு மூன்று தேதிகளைக் குறிப்பிட்டு மின்னஞ்சலில் அறை கேளுங்கள். இல்லை என்று பதில் வந்தால் அதையும் ஆதாரமாகச் சேமித்து வையுங்கள். புகாருக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் புகார் செய்ய வேண்டும் என்கிறது சட்டம். ஐந்து வருடத்துக்கு முன் பொய் சொல்லி விற்றார்கள் என்பதைவிட, போன மே மாதம் கேட்ட அறையைத் தரவில்லை என்ற புகார் வலுவானது.

வழக்கு என்றதும் பயப்பட வேண்டாம். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். 'மும்பை நீதிமன்றத்துக்கு மட்டுமே அதிகாரம்' என்ற வரி உங்களைத் தடுக்காது. தகராறு வந்தால் நடுவரிடம்தான் போக வேண்டும் என்று எழுதியிருந்தாலும் நுகர்வோர் ஆணையத்தின் கதவு மூடிவிடாது. எமார் எம்ஜிஎஃப் என்ற கட்டுமான நிறுவனத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018-லேயே இதைச் சொல்லிவிட்டது. நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. புகார் கொடுக்கும் முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்து பாருங்கள். சில நிறுவனங்கள் அங்கேயே இறங்கி வரும்.

தவணை விஷயத்தில் நிதானம் வேண்டும். கோபத்தில் எல்லாவற்றையும் நிறுத்திவிடாதீர்கள். கார்டிலோ கடனிலோ போகும் இஎம்ஐ, வங்கிக்கும் உங்களுக்கும் உள்ள கணக்கு. அதை நிறுத்தினால் சிபில் மதிப்பெண்தான் அடிவாங்கும். பராமரிப்புக் கட்டணத்துக்காகக் கொடுத்த தானியங்கிப் பற்று அனுமதி வேறு. அதை ரத்து செய்யச் சொல்லி வங்கிக்கு எழுதலாம். ஏன் ரத்து செய்கிறீர்கள் என்பதை நிறுவனத்துக்கும் எழுதிவிடுங்கள்.

இந்த நேரம் பார்த்து இன்னொரு போன் வரும். 'உங்கள் மெம்பர்ஷிப்பை வாங்க ஆள் இருக்கு, ஜிஎஸ்டிக்கும் மாற்றுக் கட்டணத்துக்கும் மட்டும் முன்பணம் அனுப்புங்க' என்பார்கள். விற்றுத் தருகிறேன் என்று முன்பணம் கேட்பவரை நம்பவே நம்பாதீர்கள். அனுப்பிவிட்டால், தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள்.

பத்துப் பன்னிரண்டு ஆண்டு ஓட்டிவிட்டவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: கட்டியது முழுதும் திரும்பும் என்று எதிர்பார்க்காதீர்கள். தங்கிய நாட்களுக்குக் கழிப்பார்கள், அது நியாயமும்கூட. இனிமேல் கட்டணம் வராமல் நிறுத்துவதே உங்கள் இலக்காக இருக்கட்டும். சமரசத்துக்கு வந்தால், உறுப்பினர் பதவி ரத்து, பாக்கி ஏதும் இல்லை, திருப்பித் தரும் தொகை எவ்வளவு, எந்தத் தேதியில் என்று நான்கும் ஒரே கடிதத்தில் நிறுவனத்தின் முத்திரையோடு வரட்டும். அது கைக்கு வருமுன் 'முழுத் திருப்தி' என்று எழுதிய எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.