எரிபொருள்மானியின் பிழையும் அதனை ஆராயும் முறையும்

மோட்டார் லாரி ஓட்டுவோர் நாள்தோறும் நோக்கி நம்பும் கருவிகளுள் எரிபொருள்மானியும் ஒன்று. அதன் முள் பொய்யுரைப்பின், ஓட்டுநர் நெடுவழியிடையே எரிபொருளின்றி நிற்க நேரிடும். முள் பிறழ்ந்தவுடன், தொட்டியிலுள்ள உணர்கருவியே கெட்டதெனப் பலரும் தீர்ப்புச் சொல்லிவிடுகின்றனர். அத்தீர்ப்பு பொருந்துமா என்பதை அறியும் முறையை ஈண்டு ஆராய்வோம். அமெரிக்க நாட்டில் செவர்லே நிறுவனத்தார் 1973 முதல் 1987 வரை செய்துவந்த பெட்ரோல் லாரியை எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

முதற்கண் அமைப்பை அறிதல் வேண்டும். தொட்டியினுள் மிதவையொன்று பெட்ரோலின்மேல் மிதக்கின்றது. அஃது ஏறி இறங்குங்கால், அதனோடு இணைந்த கை மின்தடைச் சுருளொன்றின்மேல் நகர்கின்றது. தொட்டி வெறிதாயின் தடை ஏறத்தாழ 0 ஓம். நிறைந்திருப்பின் ஏறத்தாழ 90 ஓம். மானியினின்று வரும் கம்பி இவ்வுணர்கருவியை அடைகின்றது. அங்கிருந்து மின்னோட்டம் லாரியின் இரும்புச் சட்டத்தின் வழியே பாட்டரிக்கு மீளுகின்றது. ஆகவே மானி, கம்பி, உணர்கருவி, சட்ட இணைப்பு என உறுப்புகள் நான்கு. இவற்றுள் எது பழுதுறினும் முள் பிறழும்.

இங்கு நாம் சிறப்பாகக் கருதற்பாலது ஒன்றுண்டு. சட்ட இணைப்பு துருவேறின் தடை மிகும். கம்பி அறுந்தாலோ மின்னோட்டமே நின்றுவிடும். இரண்டிடத்தும் முள் நிறைவின் பக்கமே சாயும். தொட்டி வறண்டிருக்கவும் முள் நிறைவைக் காட்டும், நம்பியவர் ஏமாறுவர். ஃபோர்டு நிறுவனத்தார் 1980-களின் தொடக்கத்திற் செய்த லாரிகளிலோ முறை தலைகீழானது. அங்கு வெறுந்தொட்டிக்கு ஏறத்தாழ 73 ஓம்; நிறைதொட்டிக்கு 10 ஓம். கம்பி அறுந்தால் முள் வெறுமையைக் காட்டும். அப்பிழை ஓட்டுநரை எச்சரிக்குமேயன்றி ஏமாற்றாது. ஆதலின் ஒரு லாரியின் கணக்கை மற்றொன்றின்மேல் ஏற்றுதல் தகாது.

இனி ஆராயும் முறை. தொட்டியருகே பெட்ரோல் ஆவி இருத்தல் கூடும். ஆகலின் ஒழுக்கு இன்மையை முன்னர்க் காண்க, நெருப்பை விலக்குக, சாவியை மூடிய பின்னரே கம்பியைத் தொடுக.

முதலாவது, உணர்கருவிக்குச் செல்லும் கம்பியைக் கழற்றிவிட்டுச் சாவியைத் திறத்தல். செவர்லேயில் முள் நிறைவிற்கு ஏறுதல் வேண்டும். ஏறாவிடின் கம்பி எங்கோ சட்டத்தைத் தொடுகின்றது. அன்றி மானியே பழுது.

இரண்டாவது, சாவியை மூடி, அக்கம்பியின் நுனியைச் சட்டத்தின் துருவற்ற இடத்தோடு இணைத்து, மீண்டும் சாவியைத் திறத்தல். முள் வெறுமைக்கு இறங்க வேண்டும். இவ்விரண்டும் சரியாயின் மானியும் கம்பியும் குற்றமற்றவை.

மூன்றாவது, முன்போற் கம்பியைப் பூட்டி, உணர்கருவியின் சட்ட இணைப்பிற்குத் துணையாக வேறொரு கம்பியைத் தூய இரும்பிற் பொருத்துதல். உடனே முள் திருந்துமாயின் குற்றம் துருவினதே.

நான்காவது, கம்பியை மீண்டும் கழற்றி, உணர்கருவியின் தடையை ஓம்மானியால் அளத்தல். தொட்டியின் நிலைக்கு எண் ஒவ்வாதாயினும், தாவித் தாவி மாறினும் உணர்கருவியே குற்றவாளி. நிறைதொட்டியிலும் எண் 0-வை ஒட்டி நிற்பின், மிதவை ஓட்டையுற்று மூழ்கியதோ எனவும் ஐயுறுக.

இம்முறையைக் கைக்கொள்ளாது உணர்கருவியை மாற்றப் புகுவோர், பெட்ரோலை வடித்துத் தொட்டியையே இறக்க வேண்டியவராவர். புதுக் கருவி பூட்டிய பின்னும் முள் பொய்யே கூறுமாயின் பொருளும் உழைப்பும் வீணே. அதனினும் கொடிது, பழுது நீங்கிற்றென்று நம்பி அவ்வோட்டுநர் மீண்டும் நெடுவழி புறப்படுதல்.

மாணவ அன்பர்காள், துருவேறிய ஓரிணைப்பு செய்த பிழைக்குத் தொட்டியினுள் மறைந்திருக்கும் உணர்கருவி பழி சுமக்கின்றது. கண்ணுக்கும் கைக்கும் எளிதின் எட்டுவனவற்றை முன்னர் ஆராய்ந்து, எட்டாததை இறுதியிற் குறை கூறுதலே நேரிய நெறி. லாரிக்கு மட்டுமோ இந்நெறி?