முகநரம்புத் துடிப்பு: அறுவைக்கு வழிகாட்டும் உடற்கூற்றியல்

முகத்தின் ஒரு பக்கம் தன்வயமின்றித் துடிக்கும் நோய் உயிரைப் பறிப்பதன்று. ஆயினும் கண் தானாக மூடிக்கொள்வதால் படிப்பும் பணியும் தடைப்படுகின்றன.

காரணம்

ஏழாவது மூளை நரம்பாகிய முகநரம்பு, மூளைத் தண்டிலிருந்து வெளிப்படும் இடத்தில் சில மில்லிமீட்டர் நீளத்திற்கு மெல்லிய உறையையே கொண்டுள்ளது. பெரும்பாலான நோயாளிகளிடம், சிறுமூளைக்குச் செல்லும் தமனி ஒன்று வளைந்து இந்த இடத்தை அழுத்துகிறது.

அறுவை முறை

காதுக்குப் பின்னால் மண்டையோட்டில் சிறு திறப்பு செய்து, சிறுமூளையை மெல்ல விலக்கி, தமனியை நரம்பிலிருந்து பிரித்து, இடையில் டெஃப்லான் பஞ்சு வைக்கப்படுகிறது. நுண்ணோக்கியின் துணைகொண்டு இம்முறையைப் பரவச் செய்தவர் அமெரிக்க மருத்துவர் பீட்டர் ஜெனெட்டா.

இடர் எங்கே?

எட்டாவது நரம்பாகிய செவி நரம்பு, முகநரம்பை ஒட்டியே செல்கிறது. சிறுமூளையைப் பக்கவாட்டில் இழுத்தால் செவி நரம்பும் இழுபட்டுக் கேட்கும் திறன் குன்றக்கூடும். எனவே கீழ்ப்புறமிருந்து அணுகுவதே நன்று. அறுவையின்போது செவி நரம்பின் மின்குறிகளையும் கண்காணிப்பர்.

தேர்வு

போட்டுலினம் ஊசி துடிப்பை அடக்கும், காரணத்தை நீக்காது. சில மாதங்களுக்கு ஒருமுறை அதனைத் திரும்பப் போட வேண்டும், செலவும் தொடரும். அறுவையோ பெரும்பாலோருக்கு நிலையான குணம் தருகிறது. ஆயினும் செவிக்கு இடர் உண்டு. இரண்டையும் சீர்தூக்கிப் பார்க்க நோயாளிக்குத் தக்க அறிவுரை தேவை.

பெங்களூர் பிரேசர் டவுனில் வாழும் ஒருவருக்கு, அதே நகரில் 1974-இல் உருவான நிம்ஹான்ஸ் என்னும் அரசு நிறுவனம் உள்ளது. சிற்றூர்வாசிக்கோ முதல் மருத்துவரே வாயில். இதனை வெறும் கண் துடிப்பென்று ஒதுக்காமல், காந்த அதிர்வுப் படம் எடுக்க உரிய காலத்தில் அவர் அனுப்புவாராயின், நோயாளியின் வீண் அலைச்சல் பெரிதும் குறையும்.